243-வது வரியைத் திறந்தவர்

மேகலாவுக்கு அலுத்துப்போயிற்று. வேலூரில் ஒரு பிரியாணிக் கடை மாடியில் 'மேகலா துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டிப் பதினான்கு வருஷம் ஆகிறது. அதில் முக்கால்வாசி, மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்கு வேறு யாராவது உண்டா என்று விசாரித்தே கழிந்தது. எப்போதாவது இப்படி ஒரு பெரிய கேஸ் வரும். வந்தால் மட்டும் என்ன வாழ்கிறது? மூன்று நாளாக ஆம்பூருக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து போனதில் முழங்கால்தான் மக்கர் பண்ணுகிறது.

வியாழக்கிழமை, மணி ஒன்றரை. தோல் தொழிற்சாலையின் மாடியில் இருந்த கண்ணாடி அறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் மூன்று பேர். மேகலா, அவளுடைய உதவியாளன் ஒவைஸ், நாலு மணிக்கு மேகலாவின் விசாரணை அறிக்கை போனதும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகவேண்டிய புரோகிராமர் ஆரோக்கியமேரி.

கண்ணாடிக்குக் கீழே டிரம் கொட்டகை. ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரத்துக்கு நாலு மரப் பீப்பாய்கள். உள்ளே ஆட்டுத்தோலும் சாயத் தண்ணீரும். பத்து நிமிஷம் சுற்றும், இருபது நிமிஷம் நிற்கும், பிறகு யாரும் தொடாமல் தானாகவே மறுபடி சுற்றும். நிற்கிற நேரத்தில் ஒரு ஆள் முன்னாலிருக்கும் கம்பித் தடுப்பின் கேட்டைத் திறந்துகொண்டு போய், டிரம்முக்குள் கையை விட்டுத் தோலில் ஒரு துண்டு வெட்டி எடுத்து, சாயம் உள்ளே ஏறிவிட்டதா என்று பார்ப்பான். அந்தக் கேட் திறந்திருக்கும்வரை டிரம் சுற்றாது. அதுதான் ஏற்பாடு.

திங்கட்கிழமை காலையில் மூன்றாம் நம்பர் டிரம் சுற்றிவிட்டது. காசி என்கிற தொழிலாளியின் வலது கை அப்போது உள்ளே இருந்தது. இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. விரல் அசையுமா என்று டாக்டர்கள் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

"இன்னொரு தடவை சொல்லு மேரி," என்றாள் மேகலா. "எனக்கு கம்ப்யூட்டர்னா மின்சார பில் கட்டற அளவுக்குத்தான் தெரியும்."

"கேட் தெறந்திருக்கான்னு பாக்கிற வேலை, டிரம்மை ஓட்டற இந்த புரோகிராம்ல ஒரே ஒரு வரி மேடம்." மேரி திரையைக் காட்டினாள். இருபத்தாறு வயது. மூன்று நாளாக அழுது முடித்துவிட்டு, இப்போது அழக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள். "இருநூத்திப் பதினாலாவது வரி. அதோட தலையில யாரோ இந்தக் குறியைப் போட்டிருக்காங்க. இது இருந்தா மிஷின் அந்த வரியைப் படிக்காது. அப்படியே தாண்டிப் போயிடும்."

கோலத்துக்குப் போட்டுப் பாதியில் விட்ட கட்டம் மாதிரி ஒரு சின்னக் குறி. # என்று நின்றது. ஒரு மனுஷன் கையை முறிக்க இது போதுமாம்.

"இது இன்னும் அப்படியே இருக்குதே!" என்றான் ஒவைஸ்.

"சாட்சியமாம். விசாரணை முடியிற வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு மொதலாளி சொல்லிட்டாரு. என் பாஸ்வேர்டையும் மாத்திட்டாங்க. பாக்கலாம், திருத்த முடியாது."

"அப்ப கீழ ஓடிட்டிருக்கிற மத்த மூணு டிரம்?"

"எல்லாத்துக்கும் இதே புரோகிராம்தான் அண்ணா. திங்கக்கிழமையில இருந்து நானும் கத்திட்டே இருக்கேன். கேட் கிட்ட போகாதீங்கன்னு போர்டு மாட்டிட்டோமே, அப்புறம் இன்னான்றாங்க."

மேகலா கீழே எட்டிப் பார்த்தாள். சிவப்பு எழுத்தில் போர்டு மாட்டித்தான் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே கேட்டைத் திறந்துகொண்டு ஒருவன் உள்ளே போனான். தோலை வெட்டிப் பார்க்காமல் சாயம் ஏறியதா என்று ஜோசியமா பார்க்க முடியும்?

"உன்னைத்தான் சொல்றாங்க, தெரியுமில்ல?" என்றாள் மேரியிடம்.

"தெரியும். கேட்ல இருக்கிற சென்சார் ஈரம் பட்டுப் பட்டுக் கெட்டுப்போச்சு. கேட் மூடியிருந்தாக்கூட தெறந்திருக்குன்னு சொல்லி டிரம்மை நிறுத்திடும். மாத்தணும்னு ரெண்டு மாசமா கேட்டேன். கேட்டு கேட்டு சலிச்சுப்போய் வேலையை விடறேன்னு எழுதிக் குடுத்தேன். பெங்களூர்ல வேற வேலை, வர்ற திங்கக்கிழமை சேரணும். அந்தக் கோவத்துல வீட்ல இருந்தபடியே இதைச் செஞ்சிட்டேன்னு சொல்றாங்க. என் பேர்ல நுழைஞ்சுதான் திருத்தியிருக்குது. ஆனா மேடம், இந்த கம்ப்யூட்டர் எப்பவும் என் பேர்லதான் தெறந்தே கெடக்கும். கீழ இருக்கிறவங்களும் வந்து பாக்கணும்னு நான்தான் அப்படி விட்டு வெச்சிருந்தேன்."

"கீழ இருக்கிறவங்க இதுல இன்னாத்தைப் பாப்பாங்க?" என்றான் ஒவைஸ்.

மேரியின் முகத்தில் மூன்று நாளில் முதல் தடவையாக ஒரு களை வந்தது. விசைப்பலகையை இழுத்து கறுப்புத் திரையில் 'போ டிரம் 214' என்று அடித்தாள். அறுநூறு வரி ஃபைல் திறந்து, நேராக 214-வது வரியில் போய் நின்றது.

"நானே எழுதின சின்ன கமாண்ட். பேரு போ. ஃபைல் பேரையும் வரி நம்பரையும் குடுத்தா கரெக்டா அங்க கொண்டுபோய் விட்டுடும். டிரம் நின்னுச்சுன்னா அதுமேல இருக்கிற டப்பாவுல ஒரு நம்பர் எரியும். எந்த வரியால நின்னுச்சோ அந்த நம்பர். இங்க வந்து அதை அடிச்சா, பக்கத்துலயே தமிழ்ல எழுதி வெச்சிருக்கேன் பாருங்க."

வரியை ஒட்டி எழுதியிருந்தது: 'கேட் திறந்திருக்கிறது. மூடிவிட்டுப் பச்சை பட்டனை அழுத்தவும்.'

"போ!" என்றான் ஒவைஸ். "அக்கா, எங்க வீட்ல இந்த கமாண்டை எனக்குத் தினம் ரெண்டு வேளை போடறாங்க. இன்னா, வரி நம்பர் மட்டும் சொல்றதில்லை."

மேகலா சிரிக்கவில்லை. சிரிக்க முழங்கால் விடவில்லை. ஆனால் மனசுக்குள் ஏதோ நெருடியது. "இது யார் எந்த வரிக்குப் போனாங்கன்னு ஞாபகம் வெச்சிருக்குமா?"

"வெச்சிருக்கும் மேடம். வெறும் போன்னு அடிச்சா கடைசியா இருந்த இடத்துக்கே திரும்பணும்னு, ஒவ்வொண்ணையும் குறிச்சு வெக்கும்."

குறிப்பு திறந்தது. ஆறு மாசத்துப் பட்டியல். 214, 214, 188, 214, 305, 214. தோல் கொட்டகையின் தலைவலி முழுக்க அதில் வரிசையாக இருந்தது. ஒவைஸ் ஞாயிற்றுக்கிழமையைத் தேடிப் பிடித்தான். காலை 10.47-க்கு ஒரே ஒரு பதிவு. அடுத்த எட்டாவது நிமிஷம் ஃபைல் திருத்தப்பட்டிருந்தது.

அந்தப் பதிவு 214 இல்லை. 243.

"இருநூத்தி நாப்பத்தி மூணுல இன்னா இருக்குது?"

மேரி பார்த்தாள். "ஒண்ணுமில்லை. பச்சை லைட் எத்தனை தடவை மின்னணும்ங்கிறது. யாரோ தப்பா அடிச்சிட்டாங்கபோல."

"பதினாலை அடிக்கப்போய் நாப்பத்தி மூணா?" என்றாள் மேகலா. "ஆறு மாசத்துல ஒருத்தர்கூட இந்த நம்பரைத் தொடலை. எங்கயோ பாத்துதான் அடிச்சிருக்காங்க. எதைப் பாத்து?"

கீழே இரண்டாம் நம்பர் டிரம் சுற்ற ஆரம்பித்து, கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

"மேரி, இந்த புரோகிராமை யாராவது காகிதத்துல அச்செடுத்தாங்களா?"

"எடுத்தோமே! நம்ம தோலை வாங்கற வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க பாதுகாப்பு சோதனைக்கு வந்தப்ப எல்லாத்தையும் அச்செடுத்து ஃபைல்ல போடச் சொன்னாங்க. அது மேனேஜர் ரூம் அலமாரியில இருக்கும்."

ஒவைஸ் போய்த் தூக்கிக்கொண்டு வந்தான். தலையணை கனத்துக்கு ஒரு நீல ஃபைல். "இதைப் படிச்சு முடிக்கிறதுக்கு அந்தக் கம்பெனிக்காரன் ரிடையர் ஆயிடுவான்," என்று மேஜைமேல் போட்டான். டிரம் புரோகிராம் இருந்த பக்கங்களை மேகலா புரட்டினாள். வரி நம்பர் எதுவும் அச்சாகவில்லை. ஓரத்தில் மட்டும் பென்சிலால் சின்னச் சின்ன டிக். கேட் சம்பந்தமான அந்த வரிக்குச் சற்று மேலேயே டிக் நின்றுபோயிருந்தது.

"எண்ணு," என்றாள்.

ஒவைஸ் விரலை வைத்து எண்ணினான். எண்ண எண்ண அவனுடைய வாய்த்துடுக்கு அடங்கிக்கொண்டே வந்தது. "அக்கா, திரையில இருநூத்திப் பதினாலாவதா இருக்கிற வரி, காகிதத்துல இருநூத்தி நாப்பத்தி மூணாவதா வருது!"

"எப்படி?"

"மேரி எழுதின தமிழ்க் குறிப்பெல்லாம் நீளம். திரையில ஒரே வரியா போவுது. காகிதத்துல எடம் பத்தாம மடிஞ்சு அடுத்த வரிக்கு வந்திருக்குது. அந்த மடிப்பையும் ஒரு வரின்னு சேத்து எண்ணியிருக்காங்க."

மேரி எழுந்தே விட்டாள். "அப்ப நான் இல்லைன்னு ஆச்சில்ல மேடம்? எனக்கு அந்த நம்பர் தெரியும். நான் ஏன் காகிதத்துல எண்ணணும்?"

"நீ மட்டுமில்லை. கீழ இருக்கிற யாரும் இல்லை. தினம் பத்து தடவை டப்பாவுல 214-ன்னு எரியுது. அதைப் பாத்தவங்க யாரும் எண்ணமாட்டாங்க. இது கொட்டகைப் பக்கமே போகாத ஆளு. உக்காரு. இன்னும் பேரு கிடைக்கலை."

ஒவைஸ் ஃபைலை விடவில்லை. டிக்குகளை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னொண்ணு. யாரா இருந்தாலும் பத்துக்கு ஒரு டிக் போடுவாங்க. இதுல பன்னெண்டுக்கு ஒண்ணு. இருபது டிக், அதுக்கப்புறம் மூணு வரி. இருபது டஜன், மேல மூணு."

"அதனால?"

"நான் உங்ககிட்ட வந்து மாட்டறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் தோல் மண்டியில இருந்தேனா? அங்க வயசான ஆளுங்க தோலை டஜன் டஜனாத்தான் எண்ணுவாங்க. பன்னெண்டு விழுந்தா சுவத்துல ஒரு கோடு. கை தானா போடும். நமக்கெல்லாம் அது வராது. இப்ப யாரு எண்றாங்க, எல்லாம் மிஷின்."

முதலாளி வேதாசலத்திடம் மேனேஜராக இருக்கும் சமீருல்லாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. ஃபைல் இருந்ததும் அவருடைய அலமாரி. மேரிமேல் புகாரை டைப் அடித்ததும் அவர்தான். ஒவைஸ் கண்ணைச் சிமிட்டினான். மேகலாவும் அப்படித்தான் நினைத்தாள், நினைத்ததில் ஒரு சந்தோஷமும் வரவில்லை. எந்தக் கேஸும் கடைசியில் இப்படி ஒரு களைத்த மனுஷன்மேல்தான் போய் முடிகிறது.

சமீருல்லா முழங்கால்வரை ரப்பர் பூட்ஸோடு படியேறி வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"சீக்கிரம் கேளும்மா. நாலாம் நம்பர்ல தோல் எறக்கணும்."

"ஒரே கேள்வி பாய். கேட் பாக்கிற வரி எத்தனையாவது?"

"இருநூத்திப் பதினாலு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அந்த நம்பரைப் பாத்துப் பாத்தே எனக்கு பிரஷர் ஜாஸ்தியாயிடுச்சு." அவர் கண் மேஜைமேல் விரித்திருந்த ஃபைலில் விழுந்தது. டிக்குகளில் விழுந்தது. ஒரு கணம் அங்கேயே நின்றது.

"இந்த ஃபைலை யாராவது எடுத்தாங்களா பாய், சனி ஞாயிறுல?"

சமீருல்லா கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கு ஞாபகம் இல்லை."

"தூக்கத்துல எழுப்பினா 214 ஞாபகம் இருக்குது. அஞ்சு நாளைக்கு முன்னாடி நடந்தது இல்லையா?" என்றான் ஒவைஸ்.

"முப்பது வருஷம் இங்க உப்பு தின்னிருக்கேன் தம்பி. என்னை பேஜார் பண்ணாதே." அவர் இறங்கிப் போய்விட்டார். பூட்ஸ் சத்தம் படியில் மெதுவாகத் தேய்ந்தது.

ஒவைஸ் உதட்டைப் பிதுக்கினான். "போச்சு. நம்ம ஆளு தினம் டிரம்முக்குப் பக்கத்துலயே குடும்பம் நடத்துறாரு. நம்பரும் மனப்பாடம். இப்ப யாரு மிச்சம் அக்கா? வாட்ச்மேனா?"

மேகலா திரும்பிப் பார்த்தாள். கண்ணாடி அறையை ஒட்டினாற்போல் ஒரு தேக்குக் கதவு இருந்தது. அதன்மேல் பித்தளை எழுத்தில் ஒரு பெயர். அவளை இந்த வேலைக்கு வைத்த பெயர். கீழே கொட்டகைக்குப் போகாமல், வாசலிலிருந்து நேராக மாடிக்கு வர அந்த அறைக்குத் தனிப் படி இருந்தது.

'அதுதானே பார்த்தேன்' என்று அவள் மனசு சொல்லிற்று. சென்னையில் எத்தனையோ பெரிய பெரிய ஆட்கள் இருக்க, பிரியாணிக் கடை மாடியைத் தேடி ஏன் வந்தார்கள் என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனி ஒரு தனி விசாரணை அறிக்கை கேட்டது. சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுகிற ஆள் தேவைப்பட்டது. அவ்வளவுதான். அவமானத்தில் அவளுக்கு முகம் சுட்டது.

"ஒவைஸு, அந்த ஃபைல்லயிருந்து வேற ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடு. டிக் எதுவும் இல்லாத பக்கமா. ஒரு பென்சிலும் எடுத்துக்கோ."

மூன்று மணிக்கு வேதாசலத்தின் அறைக்குள் போனார்கள். அறுபத்தெட்டு வயது, வெள்ளைச் சட்டை, மேஜைமேல் மூச்சிரைப்புக்கு உறிஞ்சுகிற மருந்துக் குழல். நல்ல மனுஷர் என்றுதான் ஊரில் பேச்சு. எழுந்து நின்று நாற்காலி காட்டினார். டீ வரவழைத்தார்.

"அறிக்கை முடிஞ்சுதாம்மா?"

"முடியப்போவுது சார். காசியைப் பாத்தீங்களா?"

"மூணு தடவை போனேன். என்னைப் பாத்ததும் எழுந்து உக்காரப் பாக்கிறான், பாவம். அவன் செலவு பூரா நம்மளோடதுதான்." அவர் தொண்டையைச் செருமினார். "அந்தப் பொண்ணைப் போலீஸுல விடறது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குது. ஆனா இந்த இடத்தை நான் எப்படிக் கட்டினேன்னு உங்களுக்குத் தெரியாது. பதினாறு வயசுல பேர்ணாம்பட்டு மண்டியில தோல் எண்ற வேலைக்குச் சேந்தவன். எட்டு வருஷம் எண்ணினேன். இன்னைக்கு நானூறு பேரு இதை நம்பி இருக்காங்க. நீங்க கையெழுத்து போட்டுட்டா உடனே அந்த வரியையும் சரி பண்ணிடலாம். கீழ இருக்கிறவங்களுக்கும் நல்லது."

கேட்டீர்களா கதையை! இவள் கையெழுத்துப் போடும்வரை கீழே யார் கை போனாலும் பரவாயில்லையாம். மேகலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"நீங்க டிரம் கொட்டகைக்கு அடிக்கடி போவீங்களா சார்?"

"எங்கம்மா! ஆறு வருஷமாச்சு. அந்த நெடி எனக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கண்ணாடியில பாக்கிறதோட சரி."

"ஒரு சின்ன உதவி. அறிக்கையில காகிதத்து வரிக் கணக்கும் எழுதணுமாம். நான் கண்ணாடியை வேலூர்லயே விட்டுட்டு வந்துட்டேன். இந்தப் பக்கத்துல மேலயிருந்து நாப்பதாவது வரி எதுன்னு கொஞ்சம் காட்டுறீங்களா?"

ஒவைஸ் ஜெராக்ஸை நீட்டி, பென்சிலைப் பக்கத்தில் வைத்தான். வேதாசலம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். விரல் மேலிருந்து இறங்கியது. உதடு லேசாக அசைந்தது. ஓரிடத்தில் நின்று பென்சிலால் ஒரு டிக். மறுபடி இறங்கியது. இன்னொரு டிக். இன்னொன்று. பிறகு நாலு வரி. பென்சில் முனையை வைத்து, "இதோ, இதுதான்," என்றார்.

மூன்று டஜன், மேலே நாலு. மடிந்து கீழே வந்த துண்டையும் ஒரு வரியாகத்தான் சேர்த்திருந்தார்.

ஒவைஸ் ஒரு கிண்டலும் செய்யவில்லை. நீல ஃபைலைத் திறந்து ஜெராக்ஸுக்குப் பக்கத்தில் வைத்தான். ஒரே கை, ஒரே டிக்.

வேதாசலம் இரண்டையும் பார்த்தார். பிறகு மருந்துக் குழலை எடுத்து ஒருமுறை உறிஞ்சினார்.

"ஞாயித்துக்கிழமை காலைல 10.47 சார்," என்றாள் மேகலா. "நீங்க எண்ணினது இருநூத்தி நாப்பத்தி மூணு. போய்ப் பாத்தா அது இல்லை. அப்புறம் மேல தேடித் தேடி மேரியோட தமிழ்க் குறிப்பைப் பாத்துக் கண்டுபிடிச்சிருக்கீங்க. அதுக்குத்தான் எட்டு நிமிஷம். அந்தக் குறியைப் போடணும்னு யார் சொல்லிக் குடுத்தா?"

"அந்தப் பொண்ணேதான்." குரல் இறங்கிப்போயிருந்தது. "சென்சாரைச் சோதிக்கிறப்ப என் கண்ணு முன்னாடியே ரெண்டு நிமிஷம் போட்டு எடுத்துக் காட்டினா. இது எவ்வளவு ஆபத்துன்னு எனக்குப் புரியணுமாம்." கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "சனிக்கிழமை பூரா டிரம் நின்னு நின்னு போச்சு. தோலு சாயத் தண்ணியில அப்படியே ஊறிக் கெடந்தா திட்டுத் திட்டாப் புடிச்சுக்கும். ரெண்டாயிரம் தோலு. புதன்கிழமை கப்பல். ஞாயித்துக்கிழமை ஒரு நாளைக்குன்னுதான் பண்ணேன். திங்கக்கிழமை காலைல வந்ததும் எடுத்துடலாம்னு இருந்தேன். நான் வர்றதுக்குள்ள காசி..."

"சரி சார். திங்கக்கிழமை போச்சு. செவ்வாய், புதன் போச்சு. இன்னைக்கு வியாழன். ஏன் இன்னும் எடுக்கலை?"

அவர் மருந்துக் குழலை மேஜை ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார்.

"எடுத்தா யார் வெச்சதுன்னு கேள்வி வரும். சாட்சியம்னு சொல்லிட்டா டிரம்மும் நிக்காம ஓடும், பழியும் அந்தப் பொண்ணு மேல போயிடும். அப்படித்தானே?"

"நீ போய்ச் சொன்னா அவங்க ஆர்டரை எடுத்துடுவாங்கம்மா. நானூறு குடும்பம். யோசிச்சுப் பாரு."

"யோசிச்சுப் பாத்தா எனக்கும் கையெழுத்து போட்டுட்டு வீட்டுக்குப் போகத்தான் தோணுது," என்றாள் மேகலா. அது பொய்யில்லை. அவ்வளவு களைப்பாக இருந்தது. "ஆனா மொதல்ல அந்த வரியைச் சரி பண்ணணும். பாஸ்வேர்டு சொல்லுங்க."

"அது எனக்குத் தெரியாது. சமீருல்லாவுக்குத்தான் தெரியும்."

கதவு ஏற்கனவே திறந்திருந்தது. சமீருல்லா அங்கே நின்றிருந்தார், அதே ஈர பூட்ஸோடு. எவ்வளவு நேரமாக நின்றாரோ. கம்பளத்தில் தண்ணீர் சொட்டித் தேங்கியிருந்தது.

"சனிக்கிழமை நீங்க ஃபைலைக் கேட்டப்பவே எனக்கு மனசு சரியில்லை மொதலாளி," என்றார். திரும்பி கண்ணாடி அறைக்குப் போய், மேரிக்குப் பக்கத்தில் குனிந்து, ஒற்றை விரலால் பாஸ்வேர்டை அடித்தார். "சீக்கிரம் பண்ணும்மா. ரெண்டாம் நம்பர் சுத்தற நேரம் ஆயிடுச்சு."

மேரி அடித்தாள். போ டிரம் 214. வரி வந்து நின்றது. அந்தக் குறியை அழித்தாள், சேமித்தாள். மணி மூன்று முப்பத்தெட்டு. எல்லோரும் கண்ணாடி ஓரத்துக்கு வந்துவிட்டார்கள், மூச்சிரைக்க வேதாசலமும்.

ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டாவது நிமிஷமும் போயிற்று. சுற்றியிருக்க வேண்டிய இரண்டாம் நம்பர் டிரம் அசையவில்லை. அதன்மேல் இருந்த டப்பாவில் சிவப்பாக 214 எரிந்தது.

"சென்சார் மறுபடியும் தகராறு பண்ணுது போல," என்றார் வேதாசலம்.

"இல்லை," என்றாள் மேரி. "கீழ பாருங்க."

கேட் நிஜமாகவே திறந்திருந்தது. உள்ளே ஒருவன் டிரம் வாயில் சாய்ந்து, வலது கையைத் தோள்வரை விட்டிருந்தான். தலையும் பாதி உள்ளே இருந்தது. தோலைத் தேடித் துழாவிக்கொண்டிருந்தான், அவசரமே இல்லாமல். மேகலா கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒவைஸ், "யா அல்லா," என்றான் வாய்க்குள்ளேயே.

கீழே இருந்தவன் கையை வெளியே எடுத்தான். வெட்டிய துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டு வெளியே வந்து கேட்டைச் சாத்தினான், பச்சை பட்டனை அழுத்தினான். டிரம் புரண்டு சுற்ற ஆரம்பித்தது. மேலே ஐந்து பேர் அவனையே பார்த்துக்கொண்டு நிற்பது அவனுக்குத் தெரியாது.

"அவன் யாரு?" என்றார் வேதாசலம்.

"ஹபீப், மொதலாளி. பதினோரு வருஷமா இங்கதான் இருக்கான்."

வேதாசலம் மேரி எழுந்து விட்டிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மூச்சு சீராக வெகுநேரம் ஆயிற்று. மேரியின் முகத்தைப் பார்க்க முயன்றார், முடியாமல் தரையைப் பார்த்தார்.

"நாலு மணிக்கு அனுப்பணும்ல அறிக்கை?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"எழுதும்மா. யார் செஞ்சதுன்னு கேக்கிற இடத்துல என் பேரை முழுசா எழுது. நான் கையெழுத்து போடறேன்."

மேகலா பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.